களவும் காதலும்: மெலனி கில்மனின் ‘ஸ்டேஜ் டிரீம்ஸ்’ சித்திரப் புதினத்தில் சட்டம், வேடம், வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கச் சித்திரக் கலைஞர் மெலனி கில்மன் எழுதி வரைந்து 2019-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டேஜ் டிரீம்ஸ்’ 1861-ஆம் ஆண்டின் நியூ மெக்சிகோ ஆட்புலத்தைக் களமாகக் கொண்ட சித்திரப் புதினம். வழிப்பறி செய்யும் இலத்தீன் அமெரிக்கப் பெண் ஒருத்திக்கும், வீட்டைவிட்டு ஓடிவந்த திருநங்கை ஒருத்திக்கும் இடையே முகிழ்க்கும் காதலே இதன் கதை. பால்புதுமையரின் கடந்தகாலத்தை வரலாற்று ஆவணங்கள் பெரும்பாலும் குற்றப் பதிவாகவே காத்துவைத்துள்ளன. அந்தக் குற்றப்பெயரையே காதலுக்கான களமாக இப்புதினம் மாற்றுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. வெஸ்டர்ன் கதைமரபு, அக்கால அரசியல் வரலாறு, சித்திரக் கதை வடிவம் ஆகிய மூன்று நிலைகளில் இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சித்திரப் புதினம், வெஸ்டர்ன், பால்புதுமையர், களவு, வேடம், சட்டம், அமெரிக்க உள்நாட்டுப் போர்

முன்னுரை

வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் கதைகளைத் தமிழ் வாசகர் பெரிதும் அறிந்தது சித்திரக் கதைகளின் வழியேயாகும். சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் ஆகிய இதழ்கள் இத்தாலிய டெக்ஸ் வில்லரையும், பிரெஞ்சு மூலத்தில் ‘ப்ளூபெர்ரி’ என வழங்கும் கேப்டன் டைகரையும் தமிழ் பேச வைத்தன. இவ்விரு நாயகரும் கதையின் ஏதோ ஒரு கட்டத்தில் சட்டத்தால் தேடப்பட்டவர்கள். நாயகன் சட்டத்திற்கு வெளியே நிற்கலாம். ஆயினும் அறத்திற்கு உள்ளே நிற்க வேண்டும் என்பது இம்மரபின் எழுதப்படாத விதி. ஆண்கள் இருவர் பாலைவெளியில் ஒருவர்க்கொருவர் உயிரைப் பணயம் வைக்கும் நட்பும் இம்மரபின் உயிர்நாடி. அந்நெருக்கத்தைக் காதல் என்னும் பெயரால் அழைப்பதற்கு மட்டும் இம்மரபு நெடுங்காலம் இடம் தரவில்லை.

‘ஸ்டேஜ் டிரீம்ஸ்’ இம்மரபின் கதைப்பொருள்கள் அனைத்தையும் கைக்கொள்கிறது: கோச் வண்டி, வழிப்பறி, பிணைக்கைதி, இரகசிய ஆவணம், துணிகரத் திருட்டு. அவற்றின் நடுவே நிற்போர் மட்டும் மாறியுள்ளனர். இம்மாற்றம் பாத்திரங்களின் அடையாளத்தை மாற்றியதோடு முடிகிறதா, அன்றிக் கதைமரபின் உள்கட்டமைப்பையே மாற்றுகிறதா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவை அணுகத் தமிழ்ப் பொருளிலக்கணத்தின் சொல் ஒன்று துணைசெய்யும். ‘களவு’ என்பது பிறர் பொருளைக் கவர்தலையும், பிறர் அறியாது காதலர் கூடுதலையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பியப் பொருளதிகாரம் பின்னதற்கெனக் களவியல் என ஓர் இயலையே வகுத்துள்ளது. தொல்காப்பியர் வகுத்த களவு ஆண்-பெண் கூட்டம் பற்றியது. கில்மனின் கதையோடு அதற்கு வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் திருட்டும் மறைக்காதலும் ஒரே சொல்லில் அடங்குவதற்குக் காரணம், இரண்டும் ஊரறியாமல் நிகழ்பவை என்பதாகும். கில்மனின் கதையில் இவ்விரு களவுகளும் ஒரே வழியில் நடக்கின்றன. அவ்வளவில் இச்சொல் இங்கு வாசிப்புக் கருவியாக மட்டும் கொள்ளப்படுகிறது.

கதைப் பின்னல்

ஜார்ஜியாவிலுள்ள தன் வீட்டிலிருந்து தப்பி, நாடக நடிகையாகும் கனவோடு மேற்கு நோக்கிக் கோச் வண்டியில் செல்கிறாள் கிரேஸ். பிறப்பில் ஆணாக வகுக்கப்பட்ட அவளுக்கு வீட்டில் விதிக்கப்பட்டிருந்தது ஆணின் வாழ்வு. போர் மூண்ட அந்த ஆண்டில் அதன் பொருள் தென்மாநிலக் கூட்டமைப்பின் படைச் சீருடை என்பதாகும். ‘கோஸ்ட் ஹாக்’ என்னும் பெயரால் அஞ்சப்படும் ஃப்ளோர் அவ்வண்டியைக் கொள்ளையிடுகிறாள். பிணைத்தொகை கிடைக்கும் என்னும் எண்ணத்தில் கிரேஸைப் பிடித்துச் செல்கிறாள். கூட்டமைப்பினர் நடத்தும் ஆடல் விருந்தொன்றில் அழைப்பின்றி நுழைந்து முக்கிய ஆவணங்களைக் கவரும் திட்டம் ஃப்ளோரிடம் உள்ளது. அதனை அறிந்த கிரேஸ், தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு அவளை இணங்க வைக்கிறாள். கைதி கூட்டாளி ஆகிறாள். கூட்டாளி காதலி ஆகிறாள்.

நூலின் பெயரே சிலேடை. ஆங்கிலத்தில் ‘ஸ்டேஜ்’ என்பது கட்டம் கட்டமாகக் குதிரை மாற்றிச் செல்லும் பயண வண்டியையும் குறிக்கும். நாடக மேடையையும் குறிக்கும். வண்டியில் தொடங்கும் கதை மேடையை நோக்கிச் செல்கிறது. இடைப்பட்ட ஆடல் விருந்தும் ஒரு மேடையே.

மரபின் முன்மாதிரி: 1939-இன் ‘ஸ்டேஜ்கோச்’

இக்கதையமைப்பை ஜான் ஃபோர்டு இயக்கிய ‘ஸ்டேஜ்கோச்’ (1939) திரைப்படத்தோடு ஒப்பிடுவது பயன்தரும். கில்மன் அப்படத்தைப் பின்பற்றினார் என்பது நம் கருத்தன்று. வெஸ்டர்ன் மரபு செம்மையுற்ற வடிவமாக அப்படம் கருதப்படுவதாலேயே இவ்வொப்பீடு. ஊரின் ஒழுக்கக் காவலர்களாகிய பெண்களால் துரத்தப்பட்ட டாலஸ் என்னும் பாலியல் தொழிலாளியும், சிறையிலிருந்து தப்பிய ரிங்கோ கிட் என்னும் குற்றவாளியும் ஒரே வண்டியில் நியூ மெக்சிகோவின் லார்ட்ஸ்பர்க்கை நோக்கிப் பயணிக்கின்றனர். அவ்வண்டியிலேயே வங்கிப் பணத்தைக் கையாடிய கனவான் ஒருவரும் அமர்ந்திருக்கிறார். மதிப்பிற்குரியவர் திருடராகவும் ஒதுக்கப்பட்டோர் மாண்புடையோராகவும் இருப்பதே படத்தின் அறமுரண். இறுதியில் காவல் அதிகாரியே கண்டும் காணாதவராய்க் காதலரைத் தப்பவிடுகிறார்.

கில்மனின் கதையிலும் ஒதுக்கப்பட்ட பெண், தேடப்படும் குற்றவாளி, மதிப்புமிக்க தீயோர் ஆகிய மூன்று உறுப்புகளும் உள்ளன. வேறுபாடு ஒன்றே, ஆனால் அடிப்படையானது. ஃபோர்டின் காதலர்க்குச் சட்டத்தின் பிரதிநிதி கருணை காட்டுகிறார். சட்டம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டால் அவர்கள் கணவன் மனைவியாகப் பண்ணை வாழ்வில் அமர்ந்துவிடலாம். களவு கற்பாக மாறும் வாய்ப்பு அங்குத் திறந்தே உள்ளது. ஃப்ளோரும் கிரேஸும் வாழும் உலகில் எந்த அதிகாரியின் கருணையும் அவர்களது உறவைச் சட்டத்திற்குள் கொண்டுவர இயலாது. ஆகவே அவர்களது களவு முடிவிலாக் களவு. ஃபோர்டின் காதலர்க்குச் சட்டமீறல் கடந்துசெல்லும் ஒரு நிலை. கில்மனின் காதலர்க்கோ அதுவே வாழிடம்.

எவருடைய சட்டம்?

சட்டத்திற்கு வெளியே நிற்றல் என்னும் கருத்து 1861-இன் நியூ மெக்சிகோவில் தனிப்பொருள் பெறுகிறது. அந்நிலம் 1821 வரை ஸ்பெயினுக்கும், பின்னர் மெக்சிகோவுக்கும் உரியதாயிருந்தது. 1848-இன் குவாடலூப் இடால்கோ உடன்படிக்கை அதனை அமெரிக்காவின் உடைமையாக்கியது. மெக்சிகோ வழிவந்த மக்களின் சொத்துரிமை மதிக்கப்படும் என்பது உடன்படிக்கையின் உறுதி. ஆயினும் பழைய நிலக்கொடைகளைக் காக்கும் பத்தாம் பிரிவை அமெரிக்க மேலவை நீக்கியது. அதன்பின் உரிமையை மெய்ப்பிக்கும் சுமை நிலம் உடையவர்மேல் விழுந்தது. பலர் தம் நிலத்தை இழந்தனர்.

மெசியா ஊரின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். 1848-க்குப் பின் அமெரிக்க ஆட்சியின்கீழ் வாழ விரும்பாதோர் பலர் எல்லைக்கு அப்பால் மெக்சிகோ மண்ணென்று கருதிய அவ்விடத்தில் குடியேறினர். 1854-இல் கேட்ஸ்டன் நிலக்கொள்முதல் நடைமுறைக்கு வந்தபோது அவ்வூரும் அமெரிக்காவுக்குள் வந்துவிட்டது. 1861 ஜூலையில் ஜான் பேய்லர் தலைமையிலான டெக்சாஸ் படை அதனைக் கைப்பற்றியது. ஆகஸ்டு 1 அன்று அரிசோனா என்னும் கூட்டமைப்பு ஆட்புலம் அறிவிக்கப்பட்டு, மெசியா அதன் தலைநகராயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குள் அம்மண்ணில் நான்கு கொடிகள் பறந்துவிட்டன. மக்கள் எல்லையைக் கடக்கவில்லை. எல்லையே மக்களைக் கடந்து சென்றது.

இப்பின்னணியில் ஃப்ளோரைக் ‘கொள்ளைக்காரி’ என்பது எவருடைய சட்டப்படி என்னும் வினா எழுகிறது. நிலத்தை இழந்த மக்களின் கண்ணில் சட்டமே பெருங்களவு செய்த கருவி. மறுபுறம், ஆவணத்தைக் கையில் வைத்திருக்கும் கூட்டமைப்போ, மனிதரை உடைமையாக வைத்திருக்கும் உரிமைக்காகத் தன் நாட்டின் அரசமைப்புக்கு எதிராகவே கிளர்ந்த அமைப்பு. சீருடையும் ஆடல் விருந்தும் அதற்கு மதிப்பைத் தரலாம், சட்டத்தன்மையைத் தரமாட்டா. மரபான வெஸ்டர்ன் கதையில் சட்டம் ஓரிடத்தில் உறுதியாக நிற்க, நாயகர் அதனிடமிருந்து விலகி நிற்பர். இங்கோ சட்டம் என்னும் மையமே நிலையற்றது. அதனால் ‘உள்ளே’, ‘வெளியே’ என்னும் பாகுபாடு தன் பொருளை இழக்கிறது.

கதையின் முடிச்சு வரலாற்றோடு பொருந்தி வருவதையும் இங்குச் சுட்டலாம். கூட்டமைப்பின் நியூ மெக்சிகோப் படையெடுப்பு 1862 மார்ச்சில் குளோரியேட்டா கணவாயில் முறிந்தது. அதற்குக் காரணம் நேர்ப்போர் அன்று. கூட்டமைப்பின் உணவும் தளவாடமும் நிறைந்த வண்டித் தொடரை ஒன்றியப் படைப்பிரிவொன்று மலைவழியே சென்று எரித்தழித்ததேயாகும். அவ்வழியைக் காட்டிச் சென்றவர் மானுவேல் சாவெஸ் என்னும் நியூ மெக்சிகோ அதிகாரி. மண்ணை அறிந்த, ஸ்பானிய மொழி பேசும் உள்ளூரார் மறைவழியில் சென்று பெரும்படையின் திட்டத்தைக் குலைத்தல் என்பது வெறும் கற்பனை அன்று. ஃப்ளோரின் செயல் அவ்வரலாற்றின் ஓராண்டு முந்தைய நிழல்.

காலமுரண் என்னும் ஐயம்

இவ்வகை நூல்கள்மீது எழும் பொதுவான மறுப்பு காலமுரண் பற்றியது. இன்றைய அடையாளங்களை நேற்றைய மண்ணில் நடுவதாகக் கூறப்படும் இம்மறுப்பை ஒதுக்கிவிடாமல் ஆராய்தல் வேண்டும்.

‘திருநங்கை’ என்னும் இக்காலச் சொல்லும் அதன் அரசியலும் 1861-இல் இல்லை என்பது உண்மை. ஆனால் வாழ்க்கை இருந்தது. கலிபோர்னியாவில் பெயர்பெற்ற கோச் வண்டியோட்டியாக வாழ்ந்த சார்லி பார்க்கர்ஸ்ட் 1879-இல் இறந்தபின்னரே அவருக்குப் பெண்ணுடல் இருந்தது தெரியவந்தது. 1867-இன் வாக்காளர் பதிவேட்டில் அவர் ஆணாகவே பதிவாகியிருந்தார். நியூ மெக்சிகோவின் சூனி மக்களிடையே ‘லமானா’ எனப்பட்ட பாலினப் பங்கு வழிவழியாக நிலவியது. அவர்களுள் வீவா என்பவர் 1886-இல் வாஷிங்டன் சென்று அந்நாட்டுத் தலைவர்களைச் சந்தித்தார்.

பீட்டர் போக் என்னும் வரலாற்றாசிரியர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு இன்றியமையாதது. மேற்குப் பகுதியில் எதிர்ப்பாலின உடையில் வாழ்ந்தோர் பலராயிருந்தும் அவர்கள் எவ்வாறு மறக்கடிக்கப்பட்டனர் என்பதை அவர் விளக்குகிறார். ஆணுடையில் வாழ்ந்தோரைப் ‘பிழைப்புக்காக வேடமிட்ட பெண்கள்’ என்று பிற்காலத்தார் விளக்கிவிட்டனர். பெண்ணுடையில் வாழ்ந்தோர்க்கு அவ்விளக்கமும் கிட்டவில்லை. எல்லைப்புறம் ஆண்மையின் விளைநிலம் என்னும் தேசியத் தொன்மத்துள் அவர்களுக்கு இடமே இல்லாது போயிற்று. ஆகக் கிரேஸ் போன்ற ஒருத்தி வெஸ்டர்ன் கதைகளில் இல்லாமை, அக்காலத்தில் அத்தகையோர் இல்லாமையின் சான்றாகாது. நினைவிலிருந்து அகற்றப்பட்டமையின் சான்றாகும்.

ஆவணங்களின் இயல்பும் கருதத்தக்கது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1863-இல் தன் பாலுக்கு உரியதல்லாத உடையில் பொதுவெளியில் தோன்றுதலைக் குற்றமாக்கியது. கிளேர் சியர்ஸ் தம் 2015-ஆம் ஆண்டு நூலில் காட்டுவதுபோல, மேடையில் கைதட்டல் பெற்ற அதே உடை தெருவில் கைதுக்குக் காரணமாயிற்று. இத்தகைய சட்டங்களின் விளைவாக, இம்மனிதர்கள் வரலாற்றில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் காவல் பதிவேட்டிலும், வழக்குமன்றக் குறிப்பிலும், பரபரப்புச் செய்தியிலுமேயாம். அவர்கள் எவரை நேசித்தனர் என்பதைப் பதிவேடு எழுதவில்லை. எதற்காகப் பிடிபட்டனர் என்பதையே எழுதியது.

இங்கேதான் கில்மனின் தெரிவு பொருள்பெறுகிறது. தன் காதலரைச் சட்டமீறியோராகப் படைத்ததன்மூலம் ஆவணம் அவர்களுக்குத் தந்த ஒரே பெயரை அவர் ஏற்றுக்கொள்கிறார். பின்னர் ஆவணம் எழுதாது விட்ட பகுதியை, அதாவது அச்சம், நகை, நம்பிக்கை, காதல் ஆகியவற்றைக் கற்பனையால் நிரப்புகிறார். ஆகவே இப்புதினம் வரலாற்றுக்கு மாறாகச் செல்வதில்லை. வரலாறு நின்ற இடத்திலிருந்து தொடர்கிறது.

வேடமும் உடலும்

வேடம் வெஸ்டர்ன் மரபின் பழைய உத்தி. கொள்ளையர் முகத்துணி அணிவர். ஒற்றர் உடை மாற்றுவர். இறுதியில் வேடம் கலையும்போது உண்மை வெளிப்படும். திருநர் பாத்திரங்களைப் பொதுமரபு இவ்வுத்திக்குள்ளேயே அடைத்துவந்தது. உடை பொய், உடல் மெய் என்பது அதன் முடிபு.

இப்புதினம் அச்சமன்பாட்டைத் திருப்பிவிடுகிறது. கிரேஸுக்கு வேடமாயிருந்தது வீட்டார் விதித்த ஆண்கோலமும் வரவிருந்த படைச் சீருடையுமே. பெண்ணுடை அவளது இயல்பு. ஆடல் விருந்துக்காக அணிகலன் பூணும்போது அவள் தன்னை மறைக்கவில்லை. தன் அகவையில் மறுக்கப்பட்ட ஒன்றைப் பெறுகிறாள். அவ்விருந்தில் மெய்யாகவே வேடமிட்டிருப்போர், அடிமைமுறையின் கொடுமையை நாகரிகத்தால் மூடியிருக்கும் விருந்தினரே. தென்மாநில நடையுடை பாவனைகளை அறிந்த கிரேஸின் வளர்ப்பு அங்கு ஒற்றறிதலுக்கு உதவுகிறது. எந்த உலகம் அவளை ஒடுக்கியதோ, அவ்வுலகின் மொழியே அவள் கையில் கருவியாகிறது.

சித்திரக் கதை வடிவம் இதற்குத் தனி வலுவைத் தருகிறது. உரைநடைப் புதினம் ஒரு பாத்திரத்தின் பாலினத்தைச் சொல்லாமல் தள்ளிப்போட இயலும். சித்திரத்திலோ ஒவ்வொரு கட்டத்திலும் உடல் கண்முன் நிற்கும். எப்படி வரைவது என்னும் தெரிவிலிருந்து ஓவியர் தப்ப முடியாது. கில்மன் கிரேஸைத் தொடர்ந்து பெண்ணாகவே வரைகிறார். வண்ணப் பென்சிலால் ஆன அவரது ஓவியமுறையும் கருதத்தக்கது. சித்திர இதழ் வெஸ்டர்ன்களுக்குப் பழகிய அழுத்தமான கறுப்பு மைக்கோடுகளுக்கு மாறாக, இதில் மண்ணும் மேனியும் ஒரே மென்மையான இழைவரியால் உருவாகின்றன. மரபில் வெல்லப்பட வேண்டிய பகையாக நின்ற பாலைநிலம், இங்குக் காதலர்க்கு மறைவிடம் தரும் நிலமாகிறது.

தமிழில் இந்நூலை மொழிபெயர்க்க முற்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதனோடு தொடர்புடையது. ஆங்கில வினைமுற்று பால்காட்டாது. தமிழில் உயர்திணைப் படர்க்கை ஒருமை வினைமுற்று, மதிப்புப் பன்மையாகிய ஆர் ஈறு பெறாதபோது, ஆள் ஈறோ ஆன் ஈறோ ஏற்று முடியும். ஆகவே தமிழில் கிரேஸைப் பற்றிப் பிறர் படர்க்கை ஒருமையில் பேசும் அத்தகைய தொடர்கள், பேசுவோர் அவளை யாராக ஏற்கின்றனர் என்பதை வெளிப்படுத்திவிடும். சித்திரத்தில் கோடு செய்வதைத் தமிழில் விகுதி செய்ய வேண்டியிருக்கும்.

தடைக்குப் பின் வந்த காதல்

அமெரிக்கச் சித்திர இதழ்களில் இத்தகு காதல் பிந்தி வந்ததற்கு நிறுவனக் காரணமும் உண்டு. 1954-இல் இதழ் வெளியீட்டாளர்கள் ஏற்ற ஒழுங்குவிதிகள், பாலியல் பிறழ்வு என அன்று கருதப்பட்ட அனைத்தையும், அவற்றின் சாயலையும்கூடத் தடைசெய்தன. தன்பாலீர்ப்புப் பாத்திரங்களுக்கு அவ்விதிகள் 1989-இல்தான் இடமளித்தன. 2003-இல் மார்வெல் நிறுவனம் தன் பழைய நாயகன் ராஹைடு கிட்டைத் தன்பாலீர்ப்பாளராகக் காட்டியபோது, அது பெரிதும் இரட்டைப்பொருள் நகைச்சுவையாகவே அமைந்தது. திரையில் ‘புரோக்பேக் மவுண்டன்’ (2005) அக்காதலுக்கு மாண்பு தந்தது. ஆனால் துயர முடிவையும் சேர்த்தே தந்தது. நகைப்பு, இறப்பு ஆகிய இவ்விரு வழிகளையும் விலக்கிக் காதலரை உயிரோடும் மகிழ்வோடும் காட்டுவது இளையோர்க்கான இச்சிறு நூலின் துணிவு.

குறைகளும் வினாக்களும்

நூலின் எல்லைகளையும் சுட்டுதல் ஆய்வு நேர்மையாகும். முதலாவது, கடத்தியவர்மேல் கடத்தப்பட்டவர் காதல் கொள்ளுதல் ஐயத்திற்குரிய பழைய வாய்பாடு. கூட்டாளியாகும் முடிவைக் கிரேஸே முன்மொழிவதாக அமைத்து ஆசிரியர் இதனை ஓரளவு கடக்கிறார். எனினும் நூலின் சுருக்கம் அந்நம்பிக்கை முதிர்வதற்குப் போதிய வெளி தரவில்லை. இரண்டாவது, கதை காதலர் இருவர்மேல் குவிவதால், அந்நிலத்தின் தொல்குடியினரின் நோக்கு மையத்திற்கு வருவதில்லை. நான்கு கொடிகளுக்கும் முன்னரே அம்மண்ணுக்கு உரியோர் அவர்கள்; பாலினம் பற்றிய மாற்றுச் சிந்தனையையும் தம் மரபிலேயே கொண்டிருந்தோர். மூன்றாவது, பால்புதுமையரைக் குற்றவாளிகளாகக் காட்டுதல் பழைய இழிபெயரை உறுதிப்படுத்தாதா என்னும் வினா. சட்டமே நீதியற்றதாய் இருக்கும் காலத்தைக் களமாகக் கொண்டமையால் இந்நூல் அவ்விடரிலிருந்து தப்புகிறது; வேறு காலத்தில் அமைந்த கதைக்கு இவ்விடை பொருந்தாமற் போகலாம்.

முடிவுரை

‘ஸ்டேஜ் டிரீம்ஸ்’ வெஸ்டர்ன் மரபின் பாத்திரங்களை மாற்றியதோடு நில்லாமல், சட்டத்திற்கும் அறத்திற்கும் இடையே அம்மரபு வைத்திருந்த உறவையும் மாற்றியமைக்கிறது. மரபான நாயகன் சட்டத்திற்கு வெளியே சென்று மீண்டுவருபவன். ஃப்ளோரும் கிரேஸும் மீளத்தக்க சட்டம் ஏதும் இல்லாதவர்கள். நிலம் கைமாறிய வரலாறு ஒருத்தியையும், உடலுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு மற்றொருத்தியையும் வெளியே நிறுத்தின. அவ்வெளியிலேயே அவர்கள் ஒருவரையொருவர் கண்டனர். காவல் பதிவேட்டில் ஒரு வரியாகக்கூட எஞ்சாமற் போன காதல்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றை மெய்ப்பிப்பது புதினத்தின் வேலையன்று. அவை நிகழ்ந்திருக்கக் கூடியன என்பதை நம் வரலாற்றுணர்வில் இடம்பெறச் செய்வதே அதன் வேலை. அதனை இந்நூல் செய்துள்ளது.